மேலே கொஞ்சம் இடம்

நவம்பர் 6, திங்கள்

டாக்டர் அமுதவல்லி சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. எழுதுகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் பயமும் உண்டு.

சனிக்கிழமை கோயம்புத்தூரில் அவர் என் கையில் ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்தார். தினமும் காலையில் வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று அதில் ஒரு எண் போட வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. "அட்டையில நம்பர் மட்டும் போதும். மத்ததெல்லாம் தனியா ஒரு நோட்டுல எழுதுங்க. அது உங்களுக்கு, எனக்கு இல்ல" என்றார். ஒன்பது வாரம் கழித்து அட்டையோடு வரச் சொல்லியிருக்கிறார்.

வியாதியின் பெயர் ரயில் மாதிரி நீளம். என் வீட்டுக்காரர் ஜஸ்டின் அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இடுப்பும் முதுகெலும்பும் உள்ளுக்குள் வீங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகுமாம். ஆறு வருடமாக டிஸ்க் என்றார்கள், வாயு என்றார்கள், ஒருவர் செருப்பை மாற்றச் சொன்னார். மாற்றினேன். நல்ல செருப்பு, இன்னும் உழைக்கிறது.

"முழுசாப் போகாதும்மா. ஆனா அடக்கி வைக்கலாம். மாத்திரையில கேக்கலைன்னா ஒரு ஊசி இருக்கு" என்றார் டாக்டர். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மலையேறி வந்தேன்.

இன்று எழுந்து நேராக நிற்க ஒன்றே கால் மணி நேரம் ஆனது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போய், அங்கே தரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். அட்டையில் 3 போட்டேன்.

நவம்பர் 7, செவ்வாய்

நான் யார் என்று இந்த நோட்டுக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பெயர் தபித்தா. வயது முப்பத்தெட்டு. குன்னூரில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனியில் டீ டேஸ்டர். ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு தேயிலையையும் ருசி பார்த்துப் பத்துக்கு மார்க் போடுகிற வேலை. நீள மேசையில் வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். குனிந்து, கரண்டியில் மொண்டு, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்ததுக்கு நகர வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை. இருநூறு தடவை குனிய வேண்டும்.

இந்த மேசைக்கு வந்த முதல் பெண் நான். பதினாலு வருடத்துக்கு முன் "லேடீஸுக்கு இடுப்பு தாங்காதும்மா" என்று சொன்னவர்கள் எல்லாரும் ரிட்டையர் ஆகிவிட்டார்கள். இப்போது அவர்கள் சொன்னதை என் இடுப்பே நிரூபித்துக் கொடுக்க வேண்டுமா? அதனால் ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

மேனேஜர் போஜராஜன் சார் மட்டும் போன வாரம் கூப்பிட்டு, நான் இந்த வருடம் பதினோரு நாள் லீவு போட்டிருப்பதையும், மேசையில் எனக்கு நேரம் அதிகமாவதையும் சொன்னார். பனிக்காலத் தேயிலை ஏலம் முடிந்ததும், பிப்ரவரியில், என்னை உள்ளே ஆபீஸ் வேலைக்கு மாற்றலாம் என்று யோசிக்கிறாராம். "நல்ல சேர், ஹீட்டர் எல்லாம் இருக்கும்" என்றார்.

மேசையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. ஜனவரிக்குள் சரியாகிவிட வேண்டும்.

மார்க் 3.

நவம்பர் 12, ஞாயிறு

ரெஸ்ட். இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் வியாதிக்கு நடந்தால் குறையும், படுத்தால் ஏறும். டாக்டரே சொன்னார், ஜஸ்டினும் பக்கத்தில் இருந்து கேட்டார். ஆனாலும் வலி என்றால் படுக்க வைக்க வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. தபால் ஆபீஸில் வாரம் முழுக்கக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை சமையல், துணி, பாத்திரம் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்கிறார்.

"நீ அசையக் கூடாது. படு."

"அசையலைன்னாதாங்க வலிக்குது."

"ஒரு நாள் படுத்தா என்ன கொறஞ்சு போயிடுவே?"

பாவம், ஆசையாகச் செய்கிறார் என்று படுத்தேன். மதியம் எழுந்திருக்க முடியவில்லை. அவர் தூக்கி நிறுத்தி, சாக்ஸ் போட்டுவிட்டார். குளிரில் என் காலை நானே தொட முடியாத கோபத்தில் அழுதுவிட்டேன். அவர் சாக்ஸைத் தலைகீழாகப் போட்டிருந்தார், குதிகால் மேலே வந்திருந்தது. அதற்கும் சேர்த்து அழுதேன்.

இன்று 4 போட்டேன். கொஞ்சம் அதிகம்தான்.

நவம்பர் 14, செவ்வாய்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தேயிலை வந்தது. வாயில் வைத்ததும் பளிச்சென்று இருந்தது. ஐந்தரை போட்டேன்.

கோப்பைகளைத் தயார் செய்கிற வஹிதா அக்காவுக்குத் தாங்கவில்லை. இலையை நிறுத்துப் போட்டு வெந்நீர் ஊற்றுவது அவர் வேலை, இருபது வருடமாக. "ஏம்மா, இதுக்கே அஞ்சரையா? உன் கையில மார்க் வாங்கறதுக்கு அந்தச் செடி இன்னும் என்னதான் செய்யணும்?"

"நாளைக்கு இதைவிட நல்லது வந்தா எங்க வைக்கறது அக்கா? மேல கொஞ்சம் இடம் விடணும்ல."

இதுதான் என் கணக்கு. மூன்று என்பது தினசரி வருகிற சரக்கு. ஐந்து நல்லது. ஏழு போட்டால் அன்று வீட்டுக்கு வந்து ஜஸ்டினிடம் சொல்வேன். பதினாலு வருடத்தில் எட்டு போட்டதில்லை. வாங்குகிறவர்கள் என் மார்க்கைத்தான் நம்புகிறார்கள். பக்கத்தில் நிற்கிற ஆல்பர்ட் சார் எட்டு, எட்டரை என்று வாரி வழங்கிவிட்டு என்னைவிட அரை மணி நேரம் முன்னால் முடித்துவிடுவார். ஆறடி உயரம், யாரிடமும் பேச மாட்டார். நான் உள்ளே போனால் மேசை முழுவதும் அவருக்குத்தான்.

போகும்போது வஹிதா அக்கா கேட்டார்: "உன் உறிஞ்சற சத்தம் ஏன் கொறஞ்சு போச்சு? முன்னெல்லாம் கெட்டில்கிட்ட நின்னாக்கூட கேக்கும்."

சளி என்றேன். ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் விலா எலும்புக்குள் யாரோ ஆணி இறக்குகிறார்கள்.

மார்க் 3.

நவம்பர் 23, வியாழன்

தும்மல் வந்தது. சுவரைப் பிடிக்க நேரமில்லை. 4.

டிசம்பர் 4, திங்கள்

மாத்திரை ஒரு மாதம் ஆகிறது. வயிறு எரிகிறது, முதுகு அப்படியே இருக்கிறது. ஆனால் நேற்று மழை விட்ட நேரத்தில் சிம்ஸ் பார்க் வரை நடந்தேன். போகும்போது கழுத்து மரம். திரும்பும்போது பின்னால் யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தேன். தலை மட்டும் திரும்பியது! உடம்பு முழுக்கத் திரும்பவில்லை. கூப்பிட்டது என்னையே இல்லை. இருந்தாலும் சந்தோஷமாகக் கை ஆட்டிவிட்டு வந்தேன்.

நேற்று 2 போட்டேன். இன்று காலை மறுபடியும் மரம். 3.

டிசம்பர் 13, புதன்

எதிலும் மனசு நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், நின்றால் நடக்க வேண்டும், நடந்தால் வீட்டில் சுவர் வந்துவிடுகிறது. காய் நறுக்கும்போது அடுப்படியில் ஐந்து அடி நடந்து ஒரு கேரட், திரும்பி வந்து ஒரு கேரட் என்று நறுக்குகிறேன். பொரியல் ஆக ஒரு மணி நேரம். ஜஸ்டின் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன தபி, கேரட்டுக்கு ஊர்வலமா?" என்றார். சிரித்தேன். விலா வலித்தது. சிரிக்க வைக்காதீர்கள் என்று சண்டை போட்டேன்.

மார்க் 3.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். ஆராதனை இரண்டரை மணி நேரம், பலகை பெஞ்சில். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். ஜெபத்துக்கும் நின்றேன், பிரசங்கத்துக்கும் நின்றேன். முடிந்ததும் பாஸ்டர் என் கையைப் பிடித்து, "இவ்வளவு பக்தியா ஒருத்தர் நிக்கறதப் பாக்கவே எனக்கு உற்சாகமா இருந்துச்சும்மா" என்றார். ஸ்தோத்திரம் பாஸ்டர் என்றேன். ஜஸ்டின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

வீட்டுக்கு வந்து, உடையின் பின்பக்க ஹூக்கைக் கழற்றக் கை பின்னால் போகவில்லை. அவரைக் கூப்பிடப் பிடிக்காமல் அதே உடையில் மத்தியானம் முழுக்க இருந்தேன். விருந்தாளிகள் புது உடை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இன்று 4. பண்டிகை நாள் என்பதால் 5 போட மனம் வரவில்லை.

ஜனவரி 4, வியாழன்

புல்லெல்லாம் வெள்ளையாகிவிட்டது. பனிக்காலத் தேயிலை வந்துகொண்டிருக்கிறது. வருடத்திலேயே நல்ல சரக்கு. இன்று நூற்றைம்பதாவது கோப்பையில் குனிந்தவள் நிமிர முடியாமல், கரண்டி கீழே விழுந்துவிட்ட மாதிரி பாவனை செய்து, மேசைக் காலைப் பிடித்து எழுந்தேன். போஜராஜன் சார் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். வாட்சையும் பார்த்தார்.

நாளை மறுநாள் டாக்டர். ஊசி கொடுப்பார். கொடுத்தே ஆக வேண்டும்.

மார்க் 4.

ஜனவரி 6, சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

காலை பத்து மணிக்கு டாக்டர் மஞ்சள் அட்டையை வாங்கி, விரலால் வரிசையாகத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சராசரி மூணு சொச்சம்தான் வருது. ரத்தத்துலயும் பெருசா ஒண்ணும் காட்டல. மாத்திரை நல்லா கேக்குதும்மா. நாலுக்கு மேல தொடர்ந்து இருந்தாதான் ஊசியைப் பத்தி யோசிப்போம். உங்களுக்குத் தேவையில்ல."

சரிங்க டாக்டர் என்றேன். வெளியே வந்து, வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஜஸ்டினிடம், நல்லா இருக்கேனாம், ஊசி வேண்டாமாம் என்றேன். நல்ல செய்திதானே. ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இதுதான் நன்றாக இருப்பது என்றால், இனி மீதி வாழ்க்கைக்கும் இதுதானா?

மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் பஸ் நின்றது. உட்கார்ந்திருந்த ஜஸ்டின் நிமிர்ந்து பார்த்தார்.

"அட்டையில எவ்வளவு போட்டே?"

"மூணுதான். சில நாள் நாலு."

"மூணா? நான் சாக்ஸ் போட்டுவிட்டப்ப நீ அழுதியே, அன்னிக்கு?"

"அன்னிக்கு நாலு."

"கிறிஸ்துமஸுக்கு?"

"அதுவும் நாலு."

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தபி, பத்துன்னா உனக்கு என்ன?"

"பத்தெல்லாம் யாருங்க போடுவாங்க?"

"ஏழு?"

"ஏழு வந்தா வீட்டுக்கு வந்து உங்ககிட்ட சொல்லியிருப்பேன்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ஜஸ்டின் எழுந்துவிட்டார். "எறங்கு."

"பஸ் கெளம்புதுங்க."

"எறங்கு. இவ வியாதிக்கு மார்க் போடல, டீக்குப் போட்டிருக்கா!" இதைப் பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். கவுன்ட்டரில் யார் திட்டினாலும் குரலை உயர்த்தாத மனிதர். கண்டக்டர், "குன்னூர் டிக்கெட்டுங்களே" என்றார். "அத நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு என் பையையும் என்னையும் இறக்கினார்.

மறுபடியும் கோயம்புத்தூர். டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜஸ்டின் கதவில் நின்று, "ரெண்டே நிமிஷம் டாக்டர், எங்க நம்பர் தப்பு" என்றார். டாக்டர் பையைக் கீழே வைத்தார். நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். பையில் இருந்தது. படிக்கச் சொன்னார்.

நவம்பர் ஆறாம் தேதியைப் படித்தேன். குளியலறைத் தரை. "இதுக்கு எவ்வளவு போட்டீங்க?" மூணு. சாக்ஸ். நாலு. ஹூக் கழற்ற முடியாத கிறிஸ்துமஸ். நாலு. மேசைக் காலைப் பிடித்து எழுந்தது. நாலு.  நடுவில் ஜஸ்டின் நோட்டை வாங்கி, டீக்கு நான் மார்க் போடுகிற கணக்கு உட்பட மீதியைப் படித்தார். ஹூக் விஷயம் அவருக்கே இன்றுதான் தெரியும்.

டாக்டர் அட்டையில் என் எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டே வந்தார். ஏழு. எட்டு. எட்டு. ஒன்பது.

"ஏம்மா கொறச்சுப் போட்டீங்க?"

"கொறைக்கல டாக்டர். மேல கொஞ்சம் இடம் விட்டேன். நாளைக்கு இதைவிட மோசமா வந்தா எங்க வைக்கறது?"

அவர் பேனாவை மூடினார். "டீக்கு மேல எடம் விட்டீங்க, இதைவிட நல்லது வரும்னு. வலிக்கு மேல எதுக்கு விட்டீங்க?"

எனக்குப் பதில் தெரியும்.  பயம். தினமும் காலையில் எழுந்து, நாளை வரப்போகிற பெரிய வலிக்கு நானே பாய் விரித்து இடம் போட்டு வைத்திருந்திருக்கிறேன்.

ஊசிக்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது மலைப்பாதையில் பர்லியார் வளைவுகளில் நின்றுகொண்டே தூங்கினேன்.

ஜனவரி 20, சனி

பரிசோதனை எல்லாம் சரி. முதல் ஊசி தொடையில். இரண்டு வாரத்துக்கு ஒன்று, இனி வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். ஜஸ்டின் கற்றுக்கொண்டார். இருபது வருடம் தபாலில் முத்திரை குத்திய கை, அந்த வேகத்தில் இறக்கிவிடுவாரோ என்று பயந்தேன். மூன்று வரை எண்ணிவிட்டு, மெதுவாகப் போட்டார்.

"மூணு மாசம் பார்க்கணும். பத்துப் பேருல ஆறு பேருக்கு நல்லா கேக்கும்" என்றார் டாக்டர். ஆறு என்பது என் கணக்கில் ரொம்ப நல்ல மார்க்.

ஜனவரி 29, திங்கள்

ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன், லாட்டரி முடிவு பார்க்கிற மாதிரி. அட்டையில் 8. இப்போதெல்லாம் உள்ளதை உள்ளபடி போடுகிறேன். எழுதும்போது கை கூசுகிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

போஜராஜன் சார் கூப்பிட்டார். பனிக்கால ஏலத்தின் கடைசிச் சரக்கு செவ்வாய்க்கிழமை. அதை ஆல்பர்ட் சாரிடம் விட்டுவிட்டு, திங்கள் முதல் நான் உள்ளே உட்காரலாம். சேர் வந்துவிட்டதாம். அதைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். மெத்தை தைத்த, சுழலுகிற, அழகான சேர்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. டைகர் ஹில் ரோட்டில் மேலும் கீழுமாக நடந்தேன். பக்கத்தில் ஜஸ்டின். படு என்று சொல்லவில்லை.

"என்னன்னு சொல்லிடு அவர்கிட்ட" என்றார்.

"சொன்னா, லேடீஸுக்குத் தாங்காதுன்னு அன்னிக்கே சொன்னோமேன்னு சொல்லுவாங்க."

"சொல்லலைன்னா மட்டும்? நாளைக்கு சேர்ல உக்காந்திருப்பே."

வளைவு வரை நடந்து திரும்பினோம். இரண்டாவது ஊசியும் நேற்றுப் போட்டாயிற்று. காலையில் எழ ஒன்றே கால் மணி நேரத்துக்குப் பதில் ஐம்பது நிமிடம் ஆனதாக அவர் சொல்கிறார். நான் நம்பவில்லை. அவர் வாட்சைப் பார்த்தாராம்.

பிப்ரவரி 5, திங்கள்

போய்ச் சொன்னேன்.

"உக்காருங்க மேடம்" என்றார்.

"உக்காந்தாதான் சார் வலி. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வியாதியின் முழுப் பெயரைத் தடுமாறாமல் சொன்னேன். நடந்தால் குறையும் என்றேன். இருநூறு கோப்பைக்கும் நடக்க முடியும், குனிவதுதான் முடியவில்லை என்றேன். ஊசி போட்டிருப்பதையும், அது கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்பதையும் சொன்னேன். அந்த சேரில் உட்கார வைத்தால் ஒரே வருடத்தில் நானே சேர் வடிவத்தில் இறுகிவிடுவேன் என்றேன். 

அவர் எழுந்து நின்றார். "நான் உங்களுக்கு ரெஸ்ட் கொடுக்கறதா நெனச்சேன் மேடம். அந்தச் சேரை நானே கடைக்குப் போய் உக்காந்து பாத்து வாங்கினேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க கேக்கலையே சார்."

"கேட்டேனே. ரெண்டு தடவை கேட்டேன். லேசான முதுகுவலின்னீங்க."

கேட்டார்தான். நான் சொன்னதும் அதேதான்.

"குனியறதுதான் பிரச்சினைன்னா, மேசையைத் தூக்க முடியாதா?" என்றார். கார்பென்டர் வந்தார். மேசைக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குலக் கட்டைகள் வைத்தார். வஹிதா அக்கா எட்டாமல், கெட்டிலோடு ஒரு பலகை மேல் ஏறி நின்று என்னைத் திட்டினார். மொத்தம் நாற்பது நிமிட வேலை. மார்ச் வரைக்கும் பார்ப்போம் என்றார் போஜராஜன் சார். சரி என்றேன். அதற்குமேல் யாரால் சொல்ல முடியும்?

பிப்ரவரி 6, செவ்வாய்

இருநூற்றுப் பன்னிரண்டு கோப்பை. முடித்தேன். வலிக்கவில்லை என்று எழுத ஆசை, ஆனால் வலித்தது. 6. நேற்றைய 8 இல்லை.

ஆல்பர்ட் சார் இன்று எனக்கு முன்னால் முடிக்கவில்லை. ஒவ்வொரு கோப்பையிலும் நின்று நிதானமாக ருசி பார்த்தார். ஒன்றுக்கு மூன்று போட்டார், அவர் மூன்று போட்டு நான் பார்த்ததே இல்லை. நான் ஏப்ரனைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து, மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே, "இது இப்படியே இருக்கட்டும் மேடம். கழட்டச் சொல்லிடாதீங்க" என்றார்.

"ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல. கழுத்து. லேசாத்தான்."

ஆறடி மனிதர். அந்தப் பழைய மேசைக்கு என்னைவிட எவ்வளவு குனிந்திருப்பார்! ஒவ்வொரு நாளும் அவசர அவசரமாக முடித்துக்கொண்டு ஓடியது எதற்கு என்று இவ்வளவு நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை? மேசையைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று இந்த மனிதர்மேல் எரிந்துகொண்டிருந்தேனே.

"எத்தனை வருஷமா சார் லேசா வலிக்குது?" என்று கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. "எட்டு" என்றார்.

டாக்டரின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். தனியாகப் போகத் தயங்கினார். சனிக்கிழமை மூன்று பேராகப் போகிறோம். பஸ்ஸில் ஜஸ்டினுக்கு மட்டும் சீட் கிடைத்தால் போதும்.